அந்தரத்தில் ஆறு தர்பூசணி

அத்தியாயம் 14

ஒரு தோட்டமே இஸ்திரி மேஜையின் மேல் நிற்கிறது என்றால் யார் நம்புவார்கள்? டெய்லரம்மா வீட்டுப் பின்பக்கத்தில் நேற்று சாயங்காலத்திலிருந்து அப்படித்தான் நிற்கிறது.

போன வாரம் ‘மளுக்’கென்ற சத்தம் கேட்டு அவள் கையில் ஊசியும் நூலுமாக ஓடியதோடு நிறுத்தியிருந்தோம். மளுக்கென்று போனது பந்தலின் இடது கால். பந்தல் என்றதும் கூரையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மரக்கால், மேலே குறுக்கே ஓர் இரும்புக் குழாய், நடுவில் கம்பி வலை, அவ்வளவுதான். கொடிக்கென்று அவள் ஊற்றிய தண்ணீரையெல்லாம் அந்தக் காலும் பக்கத்தில் நின்று ஓசியில் குடித்துக் குடித்து மண்ணுக்கடியில் இற்றுப் போயிருந்தது. முழுக்கச் சாய்வதற்குள் கடையிலிருந்து மேஜையை இழுத்து வந்து, அதன்மேல் முக்காலி, முக்காலிமேல் மடித்த போர்வை என்று முட்டுக் கொடுத்துவிட்டாள். ராத்திரி தூக்கமா வரும்?

குழாயில் தொங்குவது என்ன சாமானியப்பட்ட சரக்கா? ஆறு தர்பூசணி.

பாகல் தொங்கும், புடலை தொங்கும், தர்பூசணி எங்கேயாவது தொங்குமா என்று தெருவே சிரித்தது. அது தரையில் படருகிற சாதி. ஆனால் டெய்லரம்மாவுக்கு வாய்த்த தரை பத்தடிக்கு ஆறடி. அதில் பாதி துவைக்கிற இடம். பக்கத்தில் இடமில்லை என்றால் மேலே போக வேண்டியதுதானே என்று கொடியை நிமிர்த்திவிட்டாள். “கொடிக்குக் காய் பாரமா?” என்று சிரித்தவர்களிடம் திருப்பிக் கேட்டாள். கேட்டாளே தவிர, பழமொழியை நம்பிச் சும்மா இருந்துவிடவில்லை. காய் கைப்பிடி அளவு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொட்டில் தைத்தாள். பழைய பனியன் துணியில். மற்ற துணி விறைத்துக்கொண்டு நிற்கும். பனியன் துணி காய் பெருக்கப் பெருக்கக் கூடவே விரிந்து கொடுக்கும், காற்றும் போய்வரும். தொட்டிலின் காதுகளைக் கொடியில் கட்டாமல் மேலே குழாயில் கட்டினாள். கொடியைத் தனியே துணிக்கீற்றால் எட்டுப் போட்டு வலையில் தளர்வாகப் பிடித்துவைத்தாள்.

விடிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, அடியில் குட்டிக் காயோடு நிற்கும் பெண் பூவில் தடவுவாள். கொடிக்கு இரண்டு காய் என்று நிறுத்திக்கொண்டு மீதிப் பிஞ்சைக் கிள்ளி எறிந்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று கொடி, ஆறு காய். இப்போது பாவாடைக்கு நாடா கோக்க வருகிறவர்கள்கூடப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அவளும் வழியை மறிப்பதில்லை. பெருமை வந்தால் அதை மறைத்துவைக்கத் தெரியாத மனுஷி.

ஒருவர் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் வீட்டுக்காரர்.

சரக்குப் பெட்டிகள் ஏற்றி இறக்கும் யார்டில் அவருக்குப் ‘பஞ்சு’ என்று பெயர். இருபத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டினார். எத்தனை டன் பெட்டியானாலும் பஞ்சு மாதிரி இறக்கிவைப்பார் என்று எவனோ சொல்லப்போய், சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பேர்ப்பட்ட பஞ்சு இறக்கிய பெட்டி ஒன்று லாரி விளிம்பில் இடித்துக் கவிழ்ந்தது. நல்ல காலம், ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உள்ளே இருந்த பீங்கான் சாமான் அத்தனையும் தூள். “கை தவறிடுச்சு சார்” என்று அவர் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதிக்கொண்டிருக்கிறார்.

நாளைக் காலை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் ஒரு காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். தப்பு என்னுடையது, இனிமேல் கேட் வேலையே சம்மதம் என்று. போட்டுவிட்டால் ஆயுசுக்கும் கிரேன் ஏணியில் கால் வைக்க முடியாது.

இன்று விடுமுறை. காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் தம்பி வந்துவிட்டான். தோளில் புது இரும்புக்கால், கையில் கயிறும் கப்பியும். அவனுக்கும் அதே யார்டில்தான் வேலை. கிரேன் ஓட்டுகிறவருக்குக் கீழே நின்று சைகை காட்டுகிற வேலை. எப்போதும் கழுத்தில் ஊதல் தொங்குவதால் ‘விசில்’ என்று பெயர். அடுத்த மாதம் வேலை நிரந்தரம் ஆகிறது. பெண்டாட்டிக்கு ஏழாவது மாதம். கொஞ்ச நாளாக இளைத்துப் போயிருந்தான், கேட்டால் வெயில் என்பான்.

மேஜையில் கிடந்த அளவு நோட்டைப் புரட்டினான். “அக்கா, யாருக்கா இது? போன வாரம் இடுப்பு இருபது, இந்த வாரம் இருபத்திரண்டு? என்ன சாப்பிடறாங்க?”

“தண்ணிதான். அதோ தொங்கறா பாரு, மூணாவது.”

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. “மத்தியானம் காத்து கிளம்பிடும்க்கா. அதுக்குள்ள காலை மாத்திடணும்.”

வேலை சின்னதுதான். மாடி பால்கனியின் இரும்பு உத்தரத்தில் கப்பியை மாட்டி, கயிற்றால் குழாயின் இடது முனையை நாலு விரல் உயரம் தூக்கிப் பிடிக்க வேண்டும். முட்டுக் கொடுத்த மேஜையை எடுத்துவிட்டுப் புதுக்காலைக் குழாய்க்குக் கீழே நிறுத்த வேண்டும். பிறகு இறக்க வேண்டும். நாலு விரலுக்கு மேல் போனால் கொடி வேரோடு இழுபடும். வெடுக்கென்று போனால் காம்பு முறியும். முறிந்தால் முறிந்ததுதான், தர்பூசணிக் காம்பைத் தைக்க எந்த மெஷினும் கிடையாது.

“உங்க மாமா தூக்குவாரு,” என்றாள்.

“மாமாவை எதுக்குக்கா? நானே பாத்துக்கறேன்,” என்றான் தம்பி அவசரமாக.

பஞ்சு பின்வாசல் படியில் உட்கார்ந்து டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். “எனக்கு வேணாம். யாரையாவது ஆள் கூப்பிட்டுக்கங்க.”

“முப்பது டன் தூக்கின மனுஷன் முப்பது கிலோவுக்கு ஆள் தேடச் சொல்றீங்களா?”

“அது அப்போ.”

இரண்டு மாதமாக இதே கதைதான். தண்ணீர் வாளியைத் தூக்கச் சொன்னால்கூட எங்கேயோ பார்ப்பார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “சரி. நானே இழுக்கறேன். உடைஞ்சா உடையட்டும். தெருவே சிரிச்சுட்டுப் போகட்டும்.”

நிஜமாகவே இழுத்தாள். குழாய் ‘கிரீச்’சென்று ஒரு சாண் எகிறியது. ஆறு தொட்டிலும் குலுங்கி ஒன்றோடொன்று மோதின. எங்கேயோ ஓர் இலைக்காம்பு படக்கென்று அறுந்தது.

“விடாதே. அப்படியே பிடி.”

படியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். நல்ல தையல்காரி கோணல் தையலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? அதுபோலத்தான். கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக் குழாயைப் பழையபடி போர்வைமேல் இறக்கினார். அவள் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்து, முதல் தொட்டிலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மாற்றிக் கட்டினார்.

“பாரம் எங்க இருக்கோ அங்கதான் பிடி போடணும். முனையில போட்டா ஆடாம என்ன செய்யும்?”

கட்டும்போது தொட்டில் துணியில் கை பட்டது. பிரித்துப் பார்த்தார். தையலை விரலால் நீவினார். காதுகள் எங்கே போய்க் கட்டியிருக்கின்றன என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு ஆறையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“இதை யாரும்மா சொல்லிக்குடுத்தது?”

“யாரு சொல்லிக்குடுக்கணும்? எனக்கே தோணுச்சு.”

“பாரத்தைக் கொடி மேல போடாம குழாய் மேல போட்டிருக்கே. எங்க யார்டுல பெட்டியைத் தூக்க வார் மாட்டறவனுங்களுக்கு இந்தப் புத்தி வர அஞ்சு வருஷம் ஆகும்.” அவளைத் திரும்பிப் பார்த்தார். “இத்தனை நாள் வந்து பாக்காம இருந்துட்டேனே.”

டெய்லரம்மாவுக்கு முகம் சிவந்துபோனது. தெரு முழுக்கப் பாராட்டியது ஒரு பக்கம், இந்த ஒரு பேச்சு ஒரு பக்கம். அவள் காதோரத்து முடியைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கயிறு கப்பியில் ஏறி, குளியலறைச் சுவருக்கு அந்தப்பக்கம் இறங்கியது. அங்கேதான் கயிற்றைச் சுற்றிப் பிடிக்க ஒரு தூண் இருந்தது. தூண் அருகில் நின்றால் பந்தல் தெரியாது. சுவர் மூலையில் நிற்கிற ஆள் மட்டும்தான் தெரியும். அந்த மூலையில் தம்பியை நிற்கச் சொன்னார். தயங்கித் தயங்கிப் போய் நின்றான்.

“வாய் வேணாம். ஆளுக்கொரு பக்கம் கத்தினா எனக்கு ஒண்ணும் விளங்காது. யார்டு மாதிரியே, கை மட்டும்,” என்றார் பஞ்சு.

அந்தக் கை பாஷை டெய்லரம்மாவுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக் காட்டியிருக்கிறார். விரல் வானத்தைப் பார்த்துச் சுற்றினால் ஏற்று. தரையைப் பார்த்துச் சுற்றினால் இறக்கு. உள்ளங்கையை விரித்து நீட்டினால் அப்படியே நிறுத்து.

அவள் புதுக்காலைப் பிடித்துக்கொண்டு குழாய்க்குக் கீழே நின்றாள். தம்பியின் விரல் மேல்நோக்கிச் சுற்றியது. குழாய் எழும்பியது. எழும்பியதா என்றே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு மெதுவாக. ஒரு விரல், இரண்டு விரல். ஒரு இலை அசையவில்லை. மூன்று. நாலு. தம்பி உள்ளங்கையை விரித்தான். குழாய் ஆணி அடித்தாற்போல் நின்றது.

அவள் மேஜையைக் காலால் தள்ளினாள். புதுக்காலைப் பழைய கால் நின்ற குழிக்குள் இறக்கி நிமிர்த்தினாள். மேல் முனையில் குழாய் உட்காருவதற்கு வளைவு வெட்டியிருந்தது. அதை நேராகத் திருப்ப, வளைவுக்குள்ளேயே நாலு விரலையும் விட்டுப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து மூன்றாவது தர்பூசணி மெல்ல ஆட ஆரம்பித்தது.

அது ஆடுவதைத் தம்பி பார்த்துவிட்டான். பார்வை அங்கேயே ஒட்டிக்கொண்டது. அக்கா, அதைப் பிடி என்று சொல்ல நினைத்திருப்பான். விரித்திருந்த உள்ளங்கை சுருங்கியது. விரல் கீழே ஆடிக்கொண்டிருந்த காயைச் சுட்டிக்காட்டியது. காய் ஆட ஆட விரலும் கூடவே சுற்றியது.

தரையைப் பார்த்துச் சுற்றுகிற விரல். இறக்கு.

டெய்லரம்மா அதைப் பார்த்தாள். அவள் விரல்கள் வளைவுக்குள் இருந்தன. குழாய் இறங்கினால் நாலு விரலும் நசுங்கும்.

குழாய் இறங்கவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து நிதானமான குரல் வந்தது. “மாப்ளே. கை.”

தம்பி தன் கையைப் பார்த்தான். பேயைப் பார்த்தவன் மாதிரி பார்த்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. உள்ளங்கையை மறுபடி விரித்தான். அவள் விரலை எடுத்துக்கொண்டு காலை நேராக்கி, “ம், இறக்கச் சொல்லு,” என்றாள். இந்தத் தடவை அவன் ஒழுங்காகக் காட்டினான். முப்பது கிலோப் பாரமும் சத்தமில்லாமல் வளைவுக்குள் வந்து உட்கார்ந்தது. ஆடிய காய்கூட நின்றிருந்தது.

குழியில் கல்லும் மண்ணும் போட்டு இடித்தார்கள். டெய்லரம்மாவின் மனசு மட்டும் வேறு எதையோ இடித்துக்கொண்டிருந்தது.

கை தவறிடுச்சு சார்.

தையல் கடையில் இந்த மாதிரிப் பேச்சை அவள் தினம் கேட்கிறாள். ‘அளவு தப்பாப் போச்சு’ என்பார்கள். யார் எடுத்த அளவு என்று மட்டும் வராது. நம் பேச்சில் அந்த வசதி இருக்கிறது. அவர் இரண்டு மாதமாக அதையேதான் சொல்கிறார், மேனேஜரிடமும் சொன்னார், அவளிடமும் சொன்னார். பொய் பேசத் தெரியாத மனுஷன். ஒரு தடவையாவது ‘என் கை’ என்று சொன்னாரா?

கை கழுவ வந்தவரை மறித்துக்கொண்டு நின்றாள். “என்னங்க. அன்னைக்குத் தவறினது யார் கை?”

“அதான் சொன்னேனே, கை தவறி...”

“அதைத்தான் கேக்கறேன். யாரோட கை?”

அவர் துண்டைத் தேடினார். துண்டு தோளில்தான் இருந்தது. தம்பி துவைக்கிற கல்லில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

“என்னோடதுதான்க்கா. வார் ஒண்ணு நழுவற மாதிரி தெரிஞ்சுது. அதை இப்படிக் காட்டினேன். மாமாவுக்கு அது இறக்குன்னு தெரிஞ்சிருக்கு, இறக்கிட்டார். காட்டினது நான்தான்னு சொல்ல வாயெடுத்தேன். மாமா முந்திக்கிட்டார்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் தர்பூசணிக்கு நடுவுல மறைச்சிருக்கீங்க,” என்றாள். குரல் உடைந்துவிட்டது. கோபமா, பெருமையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். தன் தம்பிக்காக இத்தனை அவமானத்தையும் வாயைக் கட்டிக்கொண்டு சுமந்திருக்கிறாரே என்று நெஞ்சு விம்மியது. இதைத் தன்னிடம்கூடச் சொல்லவில்லையே என்று அதே நெஞ்சு எரிந்தது. “அப்புறம் ஏன் வாளியைக்கூடத் தொடலை? உங்க கை நல்லாத்தானே இருந்துச்சு?”

பஞ்சு படியில் உட்கார்ந்தார். “காட்டற கையை நம்பித்தாம்மா இருபத்திரண்டு வருஷம் தூக்கினேன். அந்த நம்பிக்கை போச்சு. இறக்குன்னு கை சொன்னாலும், இப்ப இறக்கறது சரிதானான்னு நான் யோசிச்சிருக்கணும். யோசிக்கலை. அதுல என் பங்கும் இருக்கு.”

“இன்னைக்கு யோசிச்சீங்களே.”

“நீ கீழ நிக்கறேன்னு தெரியுமே.” ஏதோ சாதாரண விஷயம் மாதிரி சொன்னார்.

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். “மாமா, நான் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்.”

“வேணாம். அடுத்த மாசம் உனக்கு நிரந்தரம் ஆகப்போகுது. குழந்தை வரப்போகுது. கேட் வேலை எனக்குப் பழகிடுச்சு.”

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். தம்பி முகத்தைப் பார்த்ததும் டெய்லரம்மாவுக்கு ஆடத்தான் செய்தது. ஒரு நிமிஷம் அவளும் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை.

“இவன் வேலை போனா நம்ம வீட்டுல சோறு இருக்கு. குழந்தைக்கும் சேர்த்து இருக்கு. உங்க பேரு போனா அதை நான் எந்த மெஷின்ல வெச்சுத் தைக்கறது?” என்றாள் புருஷனைப் பார்த்து. பிறகு தம்பியிடம் திரும்பினாள். “போடுடா.”

மணி நாலு முறை அடித்தபின் மேனேஜர் எடுத்தார். தம்பி ஒலியைப் பெரிதாக்கி வைத்திருந்தான். திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

“ரெண்டு மாசம் கழிச்சுத்தான் உனக்குப் பேச வந்துச்சா? பஞ்சு பக்கத்துல இருக்காரா?”

பஞ்சு போனை வாங்கினார். “சார். நாளைக்கு நான் கையெழுத்துப் போடலை.”

“நல்ல ஆளுய்யா நீங்க. காகிதம் மேலிடத்துக்குப் போயாகணும், அதுல ஒரு பேர் இருந்தாகணும். யார் பேரை எழுதட்டும்?”

மாமனும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே வாயைத் திறந்தார்கள். இரண்டு பேரும் என்ன சொல்லப்போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மண் கையோடு போனைப் பிடுங்கினாள்.

“சார், நான் பஞ்சுவோட சம்சாரம். உங்க விசிலுக்கு அக்கா. பத்து மணிக்கு ரெண்டு பேரையும் நானே கூட்டிட்டு வரேன். என்ன நடந்துச்சோ அதை முதல்ல எழுதுங்க. பேரு அப்புறம் தானா வந்து உக்காரும்.”

மேனேஜரின் குரல் இறங்கியது. “தெரிஞ்சுதான் சொல்றீங்களாம்மா? நடந்ததை எழுதினா, ரெண்டு மாசம் மறைச்சதும் அதுல வரும். ஒருத்தர் வேலைக்குப் பதிலா ரெண்டு பேர் வேலையும் போகலாம்.”

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் படியிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

“வரோம்னு சொல்லு,” என்றார்.